கவரில் எழுதின நாடு

கொட்டாஞ்சேனை
10.2.1985

பூச்சி,

நான் சொகம். ஒன் மச்சானும் சொகம். முட்டிக்கால் வலின்னு மொணங்குவாரு, மறுநாளே மூட்ட தூக்கப் புறக்கோட்டைக்குப் போயிருவாரு. நீயும் முத்துலிங்கமும் நல்லா இருக்கணும்னு ஜிந்துப்பிட்டி முருகன்கிட்டயும் சொல்லிருக்கேன், கொச்சிக்கடை அந்தோனியார்கிட்டயும் சொல்லிருக்கேன். ரெண்டு பேர்ல ஒருத்தருக்காச்சும் காது கேக்கும்.

ஒன் காயிதம் பொங்கலுக்கு மறுநாள் கெடச்சுச்சு. நீ எழுதப் படிக்கத் தெரியாதவன்னு நம்பவே முடியல, முத்துலிங்கம் அப்படி முத்து முத்தா எழுதியிருக்கான். தலைமன்னார்ல கப்பல் ஏறுன அன்னைக்கு அவனுக்கு அஞ்சு வயசு. என் இடுப்ப விட்டு எறங்கமாட்டேன்னு சீலையக் கடிச்சுக்கிட்டு கத்துனான். இப்ப காலேஜ் படிக்கிறான்னா என் வயித்துல பொறந்த மாதிரி சந்தோசமா இருக்கு. எனக்குப் புள்ள இல்லாத கொறை அவனாலதான் தீரணும்.

ஒண்ணு மட்டும் அவன்கிட்ட சொல்லு. கவர் மேல வெலாசத்துக்குக் கீழ ‘ஈழம்’னு தமிழ்ல எழுதியிருக்கான். நல்ல வேளை, மேல இங்கிலீசுல கொழும்புன்னு இருந்ததால வந்து சேந்துருச்சு. தபால்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு பேர்ணடெற்றுக்குத் தெரியும். அவ வேதக்காரி, தமிழும் சிங்களமும் ஒரே நாக்குல வரும், எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி. கவரப் பாத்ததும் என் கையில இருந்து புடுங்கி ஜாக்கெட்டுக்குள்ள சொருகிட்டா. “ஆறாயி, ஒன்ட அக்கா மகனுக்குப் பைத்தியமா?”ன்னா. “அக்கா மகன் இல்ல, தங்கச்சி மகன்”னேன். “யார்ட மகனா இருந்தாலும் இந்தப் பேர எழுத வேணாம்னு சொல்லு. இப்ப வீடு வீடா சோதன நடக்குது”ன்னா.

ஒன் மச்சான்கிட்ட சொன்னேன். அவருக்குத்தான் எல்லாம் வெளையாட்டாச்சே. “தேயிலப் பொட்டியில சிலோன்னு அடிக்கிறான், சீமெந்து மூட்டையில ஸ்ரீலங்கான்னு அடிக்கிறான், ரேடியோவுல இலங்கைங்கிறான், எங்கப்பன் இந்த நாட்டையே கண்டிங்கிறான். என் முதுகுல ஏத்துனா எல்லாம் ஒரே கனந்தான்”ங்கிறாரு. அப்புறம், “இராமர்னு பேர வச்சுக்கிட்டு இலங்கையில நாப்பத்தஞ்சு வருசமா நாட்டாமி வேல பாக்குறேன், எவனும் பாலம் போட்டு என்னயத் தேடி வரல”ன்னு ஒரே சிரிப்பு. நாட்டாமின்னா இங்க மூட்ட தூக்குறவங்க, முத்துலிங்கத்துக்கு வெளங்காட்டிச் சொல்லு.

கவர்ல ஸ்ரீலங்கான்னு எழுதினாப் போதும். அந்தக் குளிருக்குக் கம்பளி இல்லாம கொழுந்து எடுக்கப் போகாத.

ஒன் அக்கா
ஆறாயி


கோத்தகிரி
6.3.1985

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை மயிலம்மா சொல்ல, மகன் முத்துலிங்கம் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல். கவரில் அப்படி எழுதினதுக்கு அவனைத் திட்டினேன். அவன் என்னைத் திட்டுகிறான். ஈழம் என்பதுதான் பழைய பெயராம், ஆயிரம் வருசத்துக்கு முந்திய பாட்டிலேயே இருக்காம். சிலோன் வெள்ளைக்காரன் வைத்தது, ஸ்ரீலங்கா நாம் கப்பல் ஏறின பிறகு வைத்தது என்கிறான். எனக்கு என்ன தெரியும் அக்கா. என் பாஸ்போட்டில் பிறந்த இடம் சிலோன் என்று இருக்கிறது. அந்தப் பேரில் இப்போ ஒரு நாடே இல்லையாமே?

இங்கே எங்களுக்கு ஒரே பேர்தான், சிலோன்காரங்க. நாங்க இருக்கிறது சிலோன் லைன். கடையில் பாண் இருக்கா என்று கேட்டால் வெற்றிலை பாக்கு கேட்கிறேன் என்று எடுத்துக் கொடுக்கிறான். ரொட்டி என்று சொல்ல எனக்குப் பதினாலு வருசமாகியும் வாய் வரவில்லை. சர்க்கார் அட்டையில் ‘தாயகம் திரும்பியோர்’ என்று போட்டிருக்கு. திரும்பினவள் என்றால் போய்விட்டு வந்தவள்தானே? நான் எப்ப இங்கேயிருந்து போனேன், திரும்பி வர?

முத்துலிங்கம் கேட்கிறான்: 83 கலவரத்தில் நீங்கள் பட்டதை நீ ஒருநாளும் விரித்து எழுதவில்லையே. எழுது. மனசில் வைத்து மூடாதே. மச்சானுக்கு என் கும்பிடு. முட்டிக்கு நல்லெண்ணெய் போட்டு ஒத்தடம் கொடு.

தங்கை
மயிலம்மா


கொட்டாஞ்சேனை
14.4.1985

பூச்சி,

வருசப்பெறப்பு அன்னைக்கு எழுதுறேன். எல்லாருக்கும் சொகம். பேர்ணடெற் வீட்டுக் கொக்கிஸும் என் வீட்டுப் பணியாரமும் ஒரே தட்டுல இருக்கு, ஒன் மச்சான் ரெண்டுலயும் எறும்பு மாதிரி மாறி மாறி ஏறி எறங்குறாரு.

முத்துலிங்கம் கேட்டதுக்காக எழுதுறேன். படிச்சிட்டு வச்சிரு.

அன்னைக்கு அவரு புறக்கோட்டையில இருந்தாரு. எனக்கு வெள்ளவத்தையில வேல இல்லாத நாளு. நான் வேல செய்யிற ரீச்சரம்மாவப் பத்தி சொல்லிருக்கேன்ல, யாழ்ப்பாணத்து அம்மா, பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிறவங்க, கடக்கரை ஒழுங்கையில வீடு. அவங்க வீடு பாதி எரிஞ்சு போச்சுன்னு அப்புறந்தான் தெரியும். எங்க ஒழுங்கைக்குள்ள ஒரு கூட்டம் வந்துச்சு. பேர்ணடெற் ஓடி வந்து தன்ட செபமாலையக் கழட்டி என் கழுத்துல போட்டு, என் பொட்ட அவ எச்சியத் தொட்டு அழிச்சா. அதுக்குள்ள வாசல்ல வந்துட்டாங்க.

ஒருத்தன், சின்னப் பொடியன், முத்துலிங்கம் வயசு இருக்கும். கையில கம்பி. “ஒன் ரட்ட எது?”ன்னு சிங்களத்துல கேட்டான். ரட்டன்னா நாடு. பூச்சி, அந்த ஒரு நொடியில எனக்கு என்னென்னமோ ஓடுச்சு. இந்தியான்னா அங்க போன்னு அடிப்பான். இலங்கைன்னா அதச் சொல்ல நீ யாருன்னு அடிப்பான். நம்ம அப்பா சொல்ற மாதிரி கண்டின்னா, அது அவன் ஊரு. எந்தப் பேரும் என் வாயில வரல. “மே ரட்ட, மல்லி”ன்னேன். இந்த நாடுதான் தம்பின்னு. அவன் என்னயப் பாத்துக்கிட்டே நின்னான். “அவ என்ட தங்கச்சி”ன்னு பேர்ணடெற் சிங்களத்துல கத்துனா. போயிட்டாங்க. போறப்ப அவன் எங்க வாசல் வாளியத் தட்டி விட்டுட்டுப் போனான், அவ்வளவுதான்.

ரீச்சரம்மா ஒருநாள் கேட்டாங்க, “ஆறாயி, உங்கட நாடு இந்தியாதானே, நீங்கள் ஏன் போகேல்ல?”ன்னு. அவங்களுக்கு நான் இந்தியாக்காரி. இந்தியாக்காரங்களுக்கு நீ சிலோன்காரி. நான் நாட்டுக்குப் பேரே சொல்றதில்ல பூச்சி. இங்கன்னு சொல்லுவேன். இங்க பொறந்தேன், இங்க கெடப்பேன், இங்கதான் சாவேன். எனக்கு இங்க, ஒனக்கு அங்க, அவ்வளவுதான்.

முத்துலிங்கத்துக்கு என் முத்தம்.

ஆறாயி


கோத்தகிரி
2.6.1985

பேரன்புமிக்க பெரியம்மா,

முத்துலிங்கம் எழுதுகிறேன். இந்த முறை அம்மா சொல்லி எழுதவில்லை, நானாகவே எழுதுகிறேன். நீங்களும் பெரியப்பாவும் நலமாயிருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை எங்கள் விடுதியில் வாசித்தேன். இருபது பேர் அழுதார்கள். நீங்கள் நாலாம் வகுப்பு மட்டுமே படித்தவர் என்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. எங்கள் மாணவர் மன்றம் அதை அச்சிட்டுவிட்டது! தாள் ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். ‘ஈழத்து அன்னையின் மடல்’ என்று தலைப்புக் கொடுத்தேன். கீழே உங்கள் பெயரும் கொட்டாஞ்சேனை என்றும் போட்டிருக்கிறது. இங்குள்ளவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சில சொற்களை மட்டும் மாற்றினேன். கடைசிப் பகுதி இப்படி வந்திருக்கிறது:

“உன் நாடு எது என்று அந்த வெறியன் கேட்டான். ஈழம் என்றேன். ஈழத்தில் பிறந்தேன், ஈழத்தில் கிடப்பேன், ஈழத்தில்தான் சாவேன். என் வாசலுக்கு எந்தப் போராளித் தம்பி வந்தாலும் அவனுக்குச் சோறு போடாமல் அனுப்பமாட்டேன்.”

உங்கள் சொற்கள் கடல் தாண்டிப் பேசுகின்றன, பெரியம்மா. பெருமைப்படுகிறேன்.

உங்கள் மகன்
முத்துலிங்கம்


கொட்டாஞ்சேனை
23.6.1985

முத்துலிங்கம்,

நாங்க சொகம். அம்மாவுக்கும் இதப் படிச்சுக் காட்டு.

நீ அனுப்பின தாள அடுப்புல போட்டுட்டேன். போடுறதுக்கு முந்தி ரெண்டு தரம் படிச்சேன். அதுல பேர்ணடெற்றக் காணோம்ப்பா. அவ இல்லாட்டி நான் இல்ல. நான் மல்லின்னு கூப்பிட்டவன நீ வெறியன்னு எழுதியிருக்க. அவன் வெறியனாத்தான் இருந்தான், ஆனா நான் தம்பின்னுதான் கூப்பிட்டேன். இங்கன்னு நான் எழுதுன இடத்துல எல்லாம் ஈழம்னு ஒன் பேர எழுதியிருக்க. சோத்த நான் எழுதவேயில்ல.

ரீச்சரம்மா வீட்டுல நாட்டுப் படம் ஒண்ணு தொங்குது. அவங்ககிட்ட கேட்டேன், “அம்மா, ஈழம்னு சொல்றாங்களே, அது எதுவரைக்கும்?”னு. வெரல வச்சு மெதுவா கோடு இழுத்துக் காட்டுனாங்க. அந்தக் கோட்டுக்குள்ள கொட்டாஞ்சேனை இல்ல, நீயும் ஒங்கம்மாவும் நானும் பொறந்த தோட்டமும் இல்ல. “உங்கட பக்கம் இதுக்குள்ள வராது”ன்னாங்க. என்னயச் சேக்காத நாட்டுக்கு என் பேர்ல ஏன்ப்பா காயிதம் எழுதுன?

ஒன் பெரியப்பா சிரிக்கல. அதுல இருந்தே எனக்குப் பயமா இருக்கு. மிச்சம் இருக்கிற தாள எல்லாம் எரிச்சிரு. என் பேர எடுத்துரு. இது ஒன் பெரியம்மா ஒன் கால்ல விழுந்து கேக்குற கெஞ்சல்னு நெனச்சுக்க.

ஆறாயி


கோத்தகிரி
20.7.1985

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம். அம்மாவுக்கு இருமல் இருக்கிறது, வேறொன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் பாதியைத்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன், கவலைப்படுவார் என்பதால்.

அச்சம் உங்களைக் கொண்டு பேசுகிறது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் பெயரை எடுத்துவிட்டால் யார் நம்புவார்கள்? மெய்யான பெயர், மெய்யான தெரு இருக்க வேண்டும். இன்னும் ஐந்நூறு தாள் போட்டோம். நீலகிரி முழுக்கப் போகிறது. சிலோன்காரங்க என்று இளக்காரமாகப் பார்த்தவர்கள் இப்போது என்னை ஈழத்துப் பிள்ளை என்று எழுந்து நின்று கை கொடுக்கிறார்கள். பதினாலு வருடத்தில் இப்போதுதான் பெரியம்மா என்னை ஒருவர் மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

பத்துத் தாள் வைத்திருக்கிறேன். நம்பிக்கையானவர்களுக்குக் கொடுங்கள்.

உங்கள் மகன்
முத்துலிங்கம்


வெள்ளவத்தை
3.11.1985

பூச்சி,

நான் சொகம். ஒன் இருமலுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் குடி.

ரொம்ப நாளாக் காயிதம் போடாததுக்குக் கோவிக்காத. கொட்டாஞ்சேனை வீட்டப் பூட்டிட்டு ரீச்சரம்மா வீட்டுல, குசினிக்குப் பின்னால இருக்குற காம்பராவுல இருக்கேன். ஒன் மச்சான் ஊருக்குப் போயிருக்காரு. வர நாளாகும். இனிமே இந்த வெலாசத்துக்குப் போடு. கவர்ல கொழும்பு ஆறுன்னு மட்டும் எழுதச் சொல்லு, நாட்டுப் பேரே வேணாம். உள்ள ஒரு காயிதத்தத் தவிர வேற ஒண்ணும் வைக்க வேணாம்.

வேற விசேசம் ஒண்ணும் இல்ல. இங்க மழ.

ஆறாயி


கோத்தகிரி
28.11.1985

அன்புள்ள அக்காவுக்கு மயிலம்மா சொல்ல, முத்துலிங்கம் எழுதுவது.

உன் கடிதம் கண்டு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மச்சான் ஊருக்கு வருகிறாரா! ஏன் அக்கா முன்னமே சொல்லவில்லை? கப்பல்தான் நின்றுவிட்டதே, பிளேனிலா வருகிறார்? திருச்சிப் பக்கம் போய் அவுங்க அப்பா வழிச் சொந்தத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருவாரா, இல்லை நேரே இங்கேயா? முத்துலிங்கம் சொல்கிறான், ஊர் என்றால் தோட்டமாக இருக்கும் அம்மா என்று. போடா, நம்ம சனம் ஊருக்குப் போறேன் என்றால் கடல் தாண்டி வருவதுதான் என்று சொல்லிவிட்டேன். அங்கே இருக்கும்போது நம்ம அப்பா ‘ஊர்’ என்று சொன்னதெல்லாம் இந்தப் பக்கத்தைத்தானே.

சீலாக் கருவாடு வாங்கித் தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்து லைனில் பழனியம்மாவிடம் கூடுதலாய் ஒரு பாய் கேட்டிருக்கிறேன். அவளுக்கும் ஒரே சந்தோசம், நம்ம தோட்டத்து ஆள் வருகிறார் என்று. பஸ் நிக்கிற இடத்தில் தினமும் ஒருதரம் போய் நின்றுவிட்டு வருகிறேன். எந்தத் தேதி என்று உடனே எழுது.

மயிலம்மா

(பெரியம்மா, நான் அனுப்பிய பத்துத் தாள் கிடைத்ததா? அதுபற்றி ஒன்றும் எழுதவில்லையே. - மு.)


வெள்ளவத்தை
19.1.1986

பழனியம்மாவுக்கு ஆறாயி எழுதுறது.

நீயும் ஒன் புள்ளைகளும் சொகமா? நம்ம தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல சின்னப் புள்ளைகளப் பாத்துக்கிட்டே நீ பாடம் சொல்லிக் குடுத்தத நான் மறக்கல. இந்தக் காயிதத்த மயிலம்மாவுக்கு நீதான் வாசிச்சுக் காட்டணும். முத்துலிங்கம் இல்லாத நேரமா பாத்து வாசி. கதவச் சாத்திக்க.

பூச்சி, பஸ் நிக்கிற இடத்துக்குப் போகாத. ஒன் மச்சான் வரல. ஊருன்னு நான் எழுதுனது பொய். எனக்கு வேற சொல்லு கெடைக்கல.

முத்துலிங்கம் ஆடி மாசம் அனுப்புன கவர் என் கைக்கு வரவேயில்ல. பொலிஸ் கைக்குப் போச்சு. ஆகஸ்ட் பத்தொம்பதாந் தேதி காலையில அதத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க. நான் அப்ப வெள்ளவத்தையில வேலைக்குப் போயிருந்தேன். பேர்ணடெற் சொல்லித்தான் எல்லாம் தெரியும். தாள்ல இருந்த என் பேரப் படிச்சு, “ஆறாயி எங்க?”ன்னு கேட்டாங்களாம். ஒன் மச்சான், “பேரு அவளோடது, எழுதுனது நான். அவளுக்கு எழுத்து தெரியாது”ன்னுட்டாரு. “மமய் லிவ்வே, மஹத்தயா”ன்னு சிங்களத்துலயும் சொன்னாராம், நாந்தான் எழுதுனேன்னு.

அவரு பேரக்கூட அவருக்கு எழுத வராது, ஒனக்குத் தெரியும். பேர்ணடெற் பின்னாலயே ஸ்டேசனுக்குப் போனா. அவரு சொன்னதா ஒரு தாள் எழுதி அவர்கிட்ட நீட்டுனாங்களாம். அவரு பெருவெரல மையில தொட்டு வச்சாராம். பூச்சி, நாலு பக்கம் காயிதம் எழுதுன ஆளு எதுக்குப் பெருவெரல் வைக்கிறான்னு அங்க ஒருத்தனும் கேக்கல.

ஆறு கெழம சோறு கொண்டு போனேன். வாங்கி வச்சாங்க. அப்புறம் ஒருநாள், அவர விட்டாச்சு, வீட்டுக்குப் போயிட்டாருன்னாங்க. வீட்டுக்கு யாரு வந்தா? பேர்ணடெற்றும் நானும் சர்க்கார் ஆபீசு, கந்தோர் கந்தோரா ஏறி எறங்குறோம். ஒரு கந்தோர்ல, இவரு இந்தியத் தமிழர், நீங்க அந்த நாட்டு ஆளுங்ககிட்ட கேளுங்கன்னாங்க. அங்க போனா, இவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருக்கே, நாங்க கேக்க முடியாதுன்னாங்க. காணாமப் போன ஆளுங்க பேர எழுதுற யாழ்ப்பாணத்துப் படிச்ச ஆள் ஒருத்தர், “இது எங்கட பகுதி ஆளில்லையே”ன்னு பேனாவ மூடிட்டாரு. எத்தனையோ பேரு இருக்குற நாட்டுல அவருக்கு மட்டும் ஒரு பேரும் ஒட்ட மாட்டேங்குது.

இப்ப ரீச்சரம்மாவும் சொல்லிட்டாங்க. “ஆறாயி, கோவிக்காதேயும். எனக்கும் வளர்ந்த மகன் இருக்கிறான். இந்த அட்ரசுக்கு இனிக் கடிதம் வேண்டாம். நீரும் வேற இடம் பார்க்கிறது நல்லது”ன்னு. முந்தி நீங்கள்னவங்க இப்ப நீரும்னாங்க, அவ்வளவுதான் மரியாத. நாளைக்குக் கொட்டாஞ்சேனைக்கே திரும்பிப் போறேன்.

முத்துலிங்கத்த ஒண்ணும் சொல்லாத. அந்தச் சோத்த மட்டும் எங்கேருந்து எடுத்தான்னு எனக்கு வெளங்கல. அத வாசிச்சுத்தான் ஸ்டேசன்ல பேர்ணடெற்கிட்ட ஒரு பொலிஸ்காரன், “சோறு போட்ட வீடு இதுதானே”ன்னு கேட்டானாம்.

ஆறாயி


கோத்தகிரி
27.2.1986

ஆறாயி அக்காவுக்கு பழனியம்மா எழுதுவது. மயிலம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாத்தல்ல.

அக்கா, நான் மூணு நாள் சோறு திங்கல. கருவாட்டப் பூனைக்குப் போட்டுட்டேன். என் மகன ஒண்ணும் சொல்லாதன்னு நீ எழுதின. என்னால முடியல. வெளக்குமாத்த எடுத்துட்டேன். அடிய வாங்கிக்கிட்டு நின்னான், அழுதான். நானும் சேந்து அழுதேன். மறுநாள் வந்து, பெரியப்பா படம் இருந்தா குடும்மா, அவரு தியாகத்த ஒரு தாள் போடணும், ஊரே தெரிஞ்சுக்கணும்ங்கிறான். ஒங்க கல்யாணப் படத்த அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடியிருக்கேன். இப்ப நான் அவன்கூடப் பேசுறதில்ல. பெத்த புள்ளைய எவ்வளவு நாளைக்குப் பேசாம இருக்க முடியும்னும் தெரியல.

இன்னொண்ணு நீ தெரிஞ்சுக்கணும். சோத்த அவனா எழுதல. போன வருசம் உன் காயிதத்தப் படிச்சுட்டு, “ஏம்மா, கஷ்டப்படுற பொடியங்க யாராச்சும் பெரியம்மா வாசலுக்கு வந்தா என்ன செய்வாங்க?”ன்னு கேட்டான். நான் கொழுந்துக் கூடையத் தைச்சுக்கிட்டே சொன்னேன், “எங்கக்கா எவன் வந்தாலும் சோறு போடாம அனுப்பமாட்டா”ன்னு. ஒன்னப் பெருமையாச் சொன்னேன் அக்கா. அந்த வரி என்னோடது. அவன் போராளித் தம்பின்னு ரெண்டு சொல்லு சேத்தான், அவ்வளவுதான்.

திட்டு. என்ன திட்டுனாலும் பழனியம்மா வாசிப்பா, நான் கேட்டுக்கிறேன். காயிதம் போடாம மட்டும் இருக்காத.

மயிலம்மா
(கீழே அவள் பெருவிரல். மை இல்லாததால் கரியில் வைத்தது. - பழனியம்மா)


கொட்டாஞ்சேனை
30.3.1986

பூச்சி,

ஒன் பெருவெரல் வந்து சேந்துச்சு. வழியில கொஞ்சம் அழிஞ்சிருக்கு. நான் சொகம்னு எழுதமாட்டேன், நீயும் கேக்கமாட்ட. பழனியம்மா, நீ சொகமா இரு.

ஒன்னய நான் திட்டல. நீ சொன்னது நெசந்தான். நான் எவன் வந்தாலும் சோறு போடுவேன். அன்னைக்குக் கம்பியோட வந்தானே, அவன் பசிக்குதுன்னு நின்னிருந்தா அவனுக்கும் போட்டிருப்பேன். முத்துலிங்கத்தயும் திட்டல. அவனுக்கு ஒரு பேரு வேணும். பதினாலு வருசமா அந்த மலையில அவனுக்கு ஒருத்தனும் ஒழுங்கா ஒரு பேரு குடுக்கல. என் பேர எடுத்து அந்த ஓட்டைய அடைச்சுக்கிட்டான். இடுப்புல தூக்குன புள்ள. அவனால எனக்கு வந்தத மறக்கவும் மாட்டேன், மன்னிச்சுட்டேன்னு பொய்யும் சொல்லமாட்டேன். அவன்கூடப் பேசு. ரெண்டு பேரும் பேசாம கெடந்து எனக்கு என்ன திரும்பி வரப் போவுது?

ஆனா நீ சொன்ன பெறகு நானும் சொல்லணும். பழனியம்மா, இதயும் மாத்தாம வாசி.

ஆகஸ்ட் பத்தொம்பதாந் தேதி நான் வெள்ளவத்தைக்குப் போகல. எனக்குக் காய்ச்சல். நான் வீட்டுலதான் இருந்தேன், பூச்சி. பேர்ணடெற் சொல்லித் தெரிஞ்சதுன்னு எழுதுனேன்ல, பேர்ணடெற்றுக்கு நான் சொல்லித்தான் தெரியும். அவங்க வந்தப்ப நான் திரைச்சீலைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். “ஆறாயி யாரு?”ன்னு கேட்டப்ப, “இவதான்”னு அவரு கையக் காட்டுனாரு. அப்புறந்தான் சொன்னாரு, “இவளுக்கு எழுத்து தெரியாது, நாந்தான் எழுதுனேன்”னு. அந்தத் தாள என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, “வாசி”ன்னான் ஒருத்தன். தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச பொலிஸ்காரன், என் கண்ணையே பாத்தான். ஈழத்துல பொறந்தேன்னு முத்துலிங்கம் போட்ட வரி என் மூக்குக்குப் பக்கத்துல இருந்துச்சு. நான் தாளத் தலகீழாப் புடிச்சேன். எனக்கு எழுத்து தெரியாதுன்னு காட்டுனேன். தோட்டத்துப் பொம்பள, அவளுக்கு என்ன தெரியும்னு சிரிச்சாங்க. நாலாம் வகுப்பு வரைக்கும் மூணு மைல் நடந்து படிச்ச எழுத்து எல்லாத்தயும் ஒரே நிமிசத்துல நான் தெரியாதுன்னுட்டேன்.

அவரக் கூட்டிட்டுப் போறப்ப செருப்புப் போட விடல. ஜீப்புல ஏறுறதுக்கு முந்தி ஒருதரம் திரும்பி என்னயப் பாத்தாரு. நாந்தான் எழுதுனேன்னு அப்பவாச்சும் கத்தியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. வரலன்னு சொல்லமாட்டேன்.

ஏழு மாசமா அந்தப் பார்வைய வச்சுக்கிட்டு இருக்கேன். துணி தொவைக்கிறப்பயும் அதுதான், பாண் வாங்க நிக்கிறப்பயும் அதுதான். பேர்ணடெற் அவ மாதாகிட்ட கேளுங்கிறா. நான் ஒன்னயத்தான் கேக்கணும், ஒனக்கு அவரத் தெரியும், கப்பல்ல ஏறுற வரைக்கும் ஒனக்கு அண்ணன் மாதிரி இருந்த மனுசன்.

அவரு என்னயப் பாத்தது, நீ வாயத் தெறக்காதன்னு பாத்தாரா, இல்ல, இப்பவாச்சும் சொல்லேன்டின்னு பாத்தாரா?

ஆறாயி